நாடா உன் கையில், புத்தகம் என் கையில்

பவானிக்கு இடம் கிடைத்துவிட்டது. வேலூரில் ஒரு மகளிர் கல்லூரியில் கணிதப் பட்டப்படிப்பு. இன்று முற்பகல் அவளே என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள்: ‘காட் சீட் அங்கிள். மேத்ஸ்.’ பிற்பகலில் வசந்தா ஆரணியிலிருந்து கூப்பிட்டு உறுதி செய்தாள். நேர்காணலுக்குப் பவானி அம்மாவை விட்டுவிட்டுத் தனியாகத்தான் உள்ளே போனாளாம். வசந்தா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம்.

இரண்டு பக்கமும் கேட்டு உறுதியான பிறகுதான் உனக்கு எழுதுகிறேன். என்னுடைய இந்தப் பழக்கத்தை நீ வசந்தாவிடம் கேலி செய்வாய். “மழ பேஞ்சிகினு இருக்குதுன்னா கூட, இந்த ஆளு ரெண்டு பேர கேட்டுட்டுதான் குடை எடுப்பாரு.” நீ போய் இரண்டாவது வருடம் நடக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டிய செய்தி என்று இவ்வளவு நாளில் இதைப்போல் ஒன்று வந்ததில்லை.

குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. இப்போது பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் உன் மகள் அனுப்பிய அந்தச் சொற்களைப் படித்ததும் எனக்கு உரக்கடை மாடி நினைவுக்கு வந்தது.

பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்தது அந்த மாடி. ‘சரளமாக ஆங்கிலம் பேசலாம்’ என்று பலகை தொங்கும். கீழே கடையில் யூரியா மூட்டைகள் அடுக்கியிருக்கும். அந்த நெடி படியேறி வகுப்புக்குள்ளும் வந்துவிடும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் சந்தவாசல் பக்கத்திலிருந்து வந்து, ஆரணியில் அறை எடுத்துத் தங்கி, ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளனாக இருந்தேன். நெல் விலை, பஸ் விபத்து, படவேடு கோயிலில் ஆடி மாதக் கூட்டம், இவைதான் என் செய்திகள். ஆங்கிலம் படித்தால் புரியும், வாயில் வராது. வடக்கிலிருந்து வந்த அதிகாரிகள் கூட்டத்தில் பேசும்போது நான் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

நீ பட்டுச்சேலை நெய்துகொண்டிருந்தாய். பெங்களூர் வியாபாரிகள் முதலாளி வீட்டுக்கு வருவார்கள். நீ நெய்த சேலையை உன் முன்னாலேயே விரித்துப் போட்டு ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். சில சமயம் உன்னைப் பார்த்தே ஏதோ கேட்பார்கள். முதலாளிதான் உனக்காகப் பதில் சொல்வார். “என்னக் கேட்டா நான் பதில் சொல்லணும். அவ்ளோதான் எனக்கு வேணும்” என்று முதல் நாள் வகுப்பில் நீ சொன்னாய். கேட்டதற்குப் பதில் சொல்வது. நம் இருவரின் கதையும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் கிளம்பியது என்று இப்போது தோன்றுகிறது.

வகுப்பெடுத்தவர் நம்மை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் என்பதைத் தவிர, உன்னையும் என்னையும் சேர்த்ததற்கு வேறு காரணம் கிடையாது. தனியாக ஆங்கிலம் பேசிக்கொண்டு தெருவில் போனால் பைத்தியம் என்பார்கள், இரண்டு பேராகப் போனால் படித்தவர்கள் என்பார்கள், ஆகவே பார்ட்னரை விடாதீர்கள் என்றார். இரண்டு மாதத்தில் அவருக்கே வேலூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பலகை மட்டும் கொஞ்ச காலம் தொங்கியது. மற்றவர்கள் எல்லோரும் விட்டுவிட்டார்கள். நாம் விடவில்லை.

ஆனால் உனக்குத் தறியை விட்டு வர நேரமில்லை. காலையில் எனக்கு வேலை குறைவு. எனவே நான் உன் வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். நீ தறிக்குழிக்குள் கால் வைத்து நெய்துகொண்டிருப்பாய். ஒரு கை குறுக்கு நூல் சுமந்த நாடாவை ஓட்டும், மறு கை தறிப்பலகையைத் தட்டும், கால்கள் கீழே மிதியை மாற்றும். உன்னால் புத்தகத்தைப் பிடிக்க முடியாது. நான் எதிரில் முக்காலியில் உட்கார்ந்து உரையாடல் புத்தகத்தைப் பிரித்துக் கேள்விகளைப் படிப்பேன். வாட் இஸ் யுவர் நேம். வேர் டூ யூ லிவ். ஹவ் மெனி சில்ட்ரன் டூ யூ ஹேவ். நீ இழையிலிருந்து கண்ணை எடுக்காமல், பலகையைத் தட்டும் தாளத்திலேயே பதில் சொல்வாய்.

புத்தகத்தில் ரயில் நிலையம், நட்சத்திர ஓட்டல், தபால் நிலையம் என்று பாடங்கள் இருந்தன. ஊருக்குள் ரயிலே வராத ஆரணியில் உட்கார்ந்து, நீ டெல்லிக்கு இரண்டாம் வகுப்புப் பயணச்சீட்டு இருக்கிறதா என்பதற்கெல்லாம் பதில் சொன்னாய். ஓட்டல் பாடத்தில் டீயா காபியா என்று நான் கேட்பேன். நீ ‘டீ ப்ளீஸ்’ என்பாய். உள்ளேயிருந்து வசந்தா இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைப்பாள். முதல் முறை அதை நாம் இருவரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு டீ வேண்டுமென்றால் அந்தப் பாடத்தையே எடுக்கச் சொல்வாய். தெருவில் உன்னை ‘தொர’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என்னை வசந்தா ‘உங்க பார்ட்னரு’ என்பாள்.

அப்போது பவானிக்கு இரண்டரை வயது இருக்கும். உன் தறிக்குப் பக்கத்திலேயே பாயில் தூங்குவாள். தறி ஓடும்வரை அசைய மாட்டாள். நூல் அறுந்து நீ தறியை நிறுத்தினால் உடனே கண் விழிப்பாள். அவள் இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னபோதெல்லாம் நீ அதையே சொன்னாய். “காது நல்லா கேக்குது. தறி நின்னா முழிச்சிக்கிறாளே.” நானும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நெசவு நடக்கும் எந்த வீட்டிலும் அதைத்தான் நம்பியிருப்பார்கள்.

வசந்தாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அவள் பிடிவாதத்தால்தான் வேலூரில் ஒரு மருத்துவமனைக்கு நீங்கள் மூவரும் போனீர்கள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. நீ சொன்னதையும், வசந்தா பிறகு தனியாகச் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன். இரண்டும் ஒத்துப்போகின்றன.

மருத்துவர் வடநாட்டு இளைஞர். தமிழில் ‘வாங்க’, ‘உக்காருங்க’ மட்டும் சொல்வார். பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்று மொழிபெயர்த்துச் சொல்வார். மருத்துவர் முதல் கேள்வி கேட்டார். நர்ஸ் வாயைத் திறப்பதற்கு முன்பே நீ ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டாய். அடுத்ததற்கும் சொன்னாய். குழந்தையின் வயது, பிறந்த எடை, வந்த காய்ச்சல், வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா என்பது வரை எல்லாவற்றுக்கும் தட்டாமல் பதில். மருத்துவருக்குச் சந்தோஷம். இவருக்கு நான் தேவையில்லை என்று நர்ஸ் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

சோதனைகள் முடிந்து மருத்துவர் நீண்ட நேரம் பேசினார். காதின் படம் வரைந்து காட்டினார். தறியின் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை, தரை வழியாக வந்த அதிர்வு பாயில் தெரிந்திருக்கிறது, அது நின்றதும் விழித்திருக்கிறாள் என்பது உனக்குப் புரிந்தது. காதில் கருவி வைக்க வேண்டும் என்பதும் புரிந்தது. மற்றது ஓடும் தண்ணீர் மாதிரி போய்விட்டது என்றாய். கடைசியில் அவர் ‘எனி க்வெஸ்டியன்ஸ்?’ என்று கேட்டார். நீ எழுந்து நின்று, ‘நோ டாக்டர், தேங்க் யூ டாக்டர்’ என்றாய்.

ஊர் திரும்பும் பஸ் கண்ணமங்கலம் தாண்டியதும் வசந்தா கேட்டிருக்கிறாள்.

“இன்னாங்க சொன்னாரு?”

“மெஷின் வெக்கணும்னாரு.”

“வெச்சா பேசுமா?”

நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

“அவ்ளோ நேரம் பேசிகினு இருந்தீங்களே. பேசுமா, பேசாதா? அத்த ஒண்ணு கேக்கலயா?”

மறுநாள் காலை நான் வந்தபோது தறி ஓடவில்லை. நீ குழிக்குள் கால் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாய். நடந்ததையெல்லாம் சொன்னாய். பிறகு, “கேட்டா பதில் சொல்றேன் ரிப்போர்ட்டரே. நானா கேக்கணும்னா வாய் வரல. கேள்வி இங்க நிக்குது, இங்கிலீஷ்ல எப்டி ஆரம்பிக்கறதுன்னு தெரில” என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாய்.

அப்போதுதான் நமக்கு உறைத்தது. நாடா எப்போதும் உன் கையில் இருந்தது, புத்தகம் என் கையில். ஒரு வருடத்துக்கு மேல் நான் கேட்டேன், நீ பதில் சொன்னாய். உரையாடலில் ஆளுக்குப் பாதிதான் கற்றிருந்தோம். நான் கேள்விப் பாதியை எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் துணிந்து கேட்கத் தொடங்கியிருந்தேன். அவர்கள் திருப்பி ஏதாவது கேட்டால் எனக்கும் நாக்குப் புரளாது. ஆனால் எனக்கு அதனால் போகப்போவது ஒன்றுமில்லை. உனக்குப் பவானி.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க ஒரு மாதம் இருந்தது. அன்றே புத்தகத்தை மூடிவிட்டோம். நான் மருத்துவர், நீ பவானியின் அப்பா. நான் வேகமாக ஏதாவது சொல்வேன், நீ நிறுத்திக் கேட்க வேண்டும். உனக்கு அது நெசவு கற்றதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ‘தேங்க் யூ டாக்டர்’ என்று சொல்லிவிடுவாய். சொன்னதும் பேச்சு முடிந்துபோகும். கீழே உட்கார்ந்து ராட்டையில் நாடாவுக்கான தார் நூலைச் சுற்றிக்கொண்டிருந்த வசந்தாவுக்குப் பொறுக்கவில்லை. “தேங்க்ஸ அப்பறம் சொல்லிக்கலாம். மொதல்ல கேளுங்க” என்றாள். அதற்குப் பிறகு நீ தேங்க்ஸ் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவள் ராட்டையை நிறுத்தி உன்னைப் பார்ப்பாள்.

‘வில் ஷீ ஸ்பீக்?’ என்பது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. ‘ஸ்லோலி ப்ளீஸ்’, ‘ஒன்ஸ் மோர் ப்ளீஸ்’ வந்தன. ஒருநாள் வசந்தா ராட்டையை விட்டுவிட்டு, என் கேள்வி ஒன்று இருக்கிறது, அதையும் கேட்க வேண்டும் என்றாள். சொல் என்றோம். “பொறந்ததுலேருந்து நான் பாடித்தான் தூங்க வெச்சேன். அது எதுவுமே அதுக்குக் கேக்கலயா? அத்த கேளுங்க.”

நம் இரண்டு பேராலும் உடனே அதை ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. எனக்குச் சொற்கள் தெரிந்திருந்தன. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாக்கியத்தைக் கட்ட முடியவில்லை. கடைசியில் நீதான் உனக்கு வந்த மாதிரி கட்டினாய்: ‘மை வைஃப் சிங் எவ்ரி நைட். பேபி ஹியர்? நாட் ஹியர்?’ நான் திருத்தவில்லை.

இரண்டாம் முறை நீங்கள் போய் வந்த மறுநாள் காலை, நான் தெரு முனையில் வரும்போதே வாசலில் நின்றிருந்தாய். நீ கேட்டுவிட்டாய். பேசுவாளா என்பதற்கு, உறுதி கொடுக்க முடியாது, ஆனால் கருவி போட்டு, வீட்டில் எல்லோரும் முகத்துக்கு நேராக இருந்து, நாள் முழுவதும் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தால் பேசுவதற்கு வழி இருக்கிறது என்றாராம். வசந்தாவின் கேள்வியைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்தாராம். அடுத்த அறையிலிருந்த நர்ஸை அவரே கூப்பிட்டு, இதை அந்த அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள் என்றாராம். பாட்டு கேட்டிருக்காது. ஆனால் நெஞ்சோடு அணைத்துப் பாடியிருந்தால், பாடும்போது நெஞ்சில் எழும் அதிர்வு குழந்தைக்குத் தெரிந்திருக்கும். வசந்தா அங்கேயே அழுதுவிட்டாள் என்று நீ சொன்னாய். “அணைச்சிகினுதானே பாடுனேன்” என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

நாம் பழகாத ஒரு கேள்வியையும் நீ கேட்டிருந்தாய். எந்த மொழியில் பேசுவது? வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்களோ அந்த ஒரு மொழி போதும் என்றிருக்கிறார். அதைச் சொல்லும்போது நீ சிரித்துவிட்டாய். “இங்கிலீஷ் கத்துகினு அவ்ளோ தூரம் போயி கேட்டேன். தமிழ்ல பேசுன்றாரு.”

அப்படித்தான் நம் ஆங்கில வகுப்பு தமிழ் வகுப்பாக மாறியது. பவானியின் கவுனில் வசந்தா ஒரு பை தைத்து அதில் கருவியின் பெட்டியை வைத்தாள். இரண்டு காதுக்கும் ஒயர் போகும். கருவி போட்ட பிறகு தறிச் சத்தம் அவளுக்கு வலித்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடுவாள். அதனால் அவள் பக்கத்தில் வந்தாலே நீ தறியை நிறுத்துவாய். சேலை தாமதமாவதாக முதலாளி ஆள் அனுப்பினார். வந்தவர், ஜல்தி முடிப்பா, நாள் முழுக்கக் குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தால் எப்படி, ஒரே பேஜாராக இருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். நீ அவரையும் உட்கார வைத்து, பவானியின் முகத்தைப் பார்த்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றாய். அவர் சொன்னார். போகும்போது அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆள் வரவில்லை.

நான் என் பழக்கத்தை விடாமல் அவளிடமும் கேட்டுக்கொண்டே இருந்தேன். இது என்ன, அது என்ன, இது யார். அவள் உடைந்த சொற்களில் பதில் சொன்னாள். நாடா. தண்ணி. அம்மா. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருநாள் நீ என்னை நிறுத்தினாய்.

“நீயே கேட்டுகினு இருந்தா அதுவும் என்ன மாரி ஆயிடும். அத கேக்க வுடு.”

அன்றிலிருந்து நீ அவள் தட்டை ஒளித்து வைப்பாய். செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்து வைப்பாய். ஒன்றும் சொல்லாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அவள் அழுவாள், தரையை உதைப்பாள். வசந்தா உன்னைத் திட்டுவாள், என்னையும் சேர்த்துத் திட்டுவாள். நீ அசைய மாட்டாய். பவானி கேட்ட முதல் கேள்வி எது என்பதில் உனக்கும் வசந்தாவுக்கும் கடைசிவரை வழக்கு இருந்தது. ‘எங்க’ என்று செருப்பைக் கேட்டாள் என்பது உன் தரப்பு. அதற்கும் முன்பே அடுப்படியில் ‘ஏன்’ என்றாள் என்பது வசந்தாவின் தரப்பு. நான் அப்போது இரண்டு இடத்திலும் இல்லை. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

பிறகு எனக்கு முழுநேர வேலை கிடைத்து வேலூருக்கும், அங்கிருந்து சென்னைக்கும் போனேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு உன் வீட்டிலும் தொலைபேசி வந்தது. நான் கூப்பிட்டால் நீ ஆங்கிலத்தில்தான் எடுப்பாய். ‘மே ஐ நோ ஹூ இஸ் ஸ்பீக்கிங்?’ குரலில் சிரிப்பு தெரியும். நான் பேசத் தொடங்குவதற்கு முன்பே கேள்விகளை அடுக்குவாய். சாப்பாடு எங்கே, மனைவி சௌக்கியமா, பையன் எந்த வகுப்பு, ஏன் ஊர்ப் பக்கம் வரவில்லை. கேள்விப் பாதியையும் நீ எடுத்துக்கொண்டுவிட்டாய். பதில் சொல்லும் பக்கத்தில் உட்கார நான் பழகிக்கொண்டேன். பெங்களூர் வியாபாரிகள் ஒருநாள் உன் சேலையை விரித்துப் பேசியபோது, அந்தக் கலரை யார் கேட்டார்கள், எந்த ஊரில் விற்கிறது என்று நீ ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டதாகவும், முதலாளி சோடா வாங்கிக்கொடுத்ததாகவும் சொன்னாய்.

உன் நெஞ்சுவலிச் செய்தி வந்து நான் ஆரணி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் கூட்டம். பலர் ஒரே நேரத்தில் பேசியதில் பவானிக்கு எதுவும் புரியவில்லை. அவள் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வந்து, முகத்தை என் பக்கம் திருப்பி, “அப்பாக்கு வலிச்சிதா?” என்று கேட்டாள். எப்படி நடந்தது என்று அதுவரை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் வசந்தாவிடம் கேட்டு வந்து, கொஞ்ச நேரம் வலித்தது, பிறகு இல்லை என்று அவள் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள்.

உன்னிடமிருந்து எனக்கு வந்தது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், இதைச் சொல்வேன். யாரைப் பேட்டி கண்டாலும், என் கேள்விகள் முடிந்ததும் பேனாவை மூடிவிட்டு, உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்கிறேன். பெரும்பாலும் இல்லை என்பார்கள். நான் எழுந்துவிடுவதில்லை. அந்த ‘இல்லை’க்குப் பின்னால் தொண்டையில் ஒன்று நிற்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். புயலில் வீடு போனவர்கள், ஆலை மூடி வேலை போனவர்கள், பிள்ளையைத் தேடுகிறவர்கள், அப்படி உட்கார்ந்தபோதுதான் பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பதில் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் போய்க் கேட்டு வந்து சொல்லியிருக்கிறேன். இளம் செய்தியாளர்கள், இதெல்லாம் எதற்கு சார், செய்தி கிடைத்துவிட்டதே என்பார்கள். உன்னைப் பற்றி அவர்களிடம் சொன்னதில்லை.

இனி, வசந்தா தொலைபேசியில் கடைசியாகச் சொன்னதை எழுதுகிறேன். பவானியிடமும் குறுஞ்செய்தியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நேர்காணலில் அவர்கள் கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொல்லியிருக்கிறாள். இடம் உண்டு என்று சொன்ன பிறகு, ஏதாவது கேட்க வேண்டுமா என்று முதல்வர் கேட்டிருக்கிறார். ஆமாம் என்றிருக்கிறாள். “கணக்குப் போடும்போது டீச்சர் போர்டு பக்கம் திரும்பிப் பேசினா, எனக்கு வாய் தெரியாது. போட்டு முடிச்சிட்டு எங்க பக்கம் திரும்பி ஒரு தடவ சொல்லுவாங்களா?”

அங்கே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். இதுவரை அந்தக் கல்லூரியில் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும். ஆசிரியர்களைக் கேட்டுச் சொல்கிறேன், வகுப்பு தொடங்கும் திங்கட்கிழமை தெரியும் என்று முதல்வர் சொல்லியிருக்கிறார். இதை எழுதும் நேரம்வரை பதில் வரவில்லை. திங்கட்கிழமையும் சொல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். பவானியிடமிருந்து உடனே வந்தது: ‘ட்யூஸ்டே ஆஸ்க் அகெய்ன்.’